கைப்பேசிவழிக் கற்றலும் நன்னூற் பொதுப்பாயிரமும்

முன்னுரை

கல்விக்குரிய கருவிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. ஓலையும் எழுத்தாணியும் இருந்த இடத்தில் அச்சுநூல் வந்தது. அச்சுநூலின் அருகே இன்று கைப்பேசி வந்து நிற்கின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் பொருட்டுக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பெற்றபோது, மாணவர் பலர்க்கு அச்சிறு கருவியே வகுப்பறையாகவும் நூலகமாகவும் தேர்வறையாகவும் அமைந்தது. நெருக்கடி நீங்கிய பின்னும் கருவி நீங்கவில்லை. முதுகலை மாணவர் பேருந்தில் அமர்ந்து பத்துப்பாட்டைத் திரையில் உருட்டிச் செல்லும் காட்சி இன்று வியப்புக்குரியதன்று.

இக்கருவி பற்றிப் பேசுவோர் இருதிறத்தர். இதனால் கல்வி யாவர்க்கும் எளிதாயிற்று எனப் போற்றுவோர் ஒருசாரார். இதனாற் புலமை பாழாயிற்று எனத் தூற்றுவோர் மற்றொருசாரார். இருசாராரும் ஒரு வினாவை எழுப்பாது விடுகின்றனர். கல்வி என்னும் செயல் எத்தனை கூறுடையது? அக்கூறுகளுள் எவற்றைக் கைப்பேசிவழிக் கற்றல் நிரப்புகின்றது? எவற்றை நிரப்பாது விடுகின்றது? இவ்வினாவுக்கு விடை காணாமல் ஒரு கற்றற் சூழலை நன்றெனவோ தீதெனவோ கூறுதல், நிறைகோலின்றி நிறை கூறுதலை ஒக்கும். நிறைகோல் நம்மிடமே உண்டு. அது நன்னூற் பொதுப்பாயிரம்.

அளவுகோல்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தே சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தும் சொல்லும் கூறப் புகுமுன், கல்வியின் இலக்கணம் கூறுகின்றது. நூல், நூலுரைக்கும் ஆசிரியன், உரைக்கும் முறை, மாணாக்கன், அவன் பாடங் கேட்கும் முறை என அது வகுக்கும் ஐந்தும் எல்லா நூல்கட்கும் பொதுவாவன. ஆதலின் இலக்கணக் கல்விக்கே உரியவை இவையெனக் குறுக்குதல் பொருந்தாது.

இன்று கற்றற் சூழல் அமைப்போர் ஆராய வேண்டுவனவும் இவ்வைந்தே: பாடப்பொருள், அதனைத் தருவோர், தரும் வகை, பெறுவோர், பெறும் வகை. ஆயின் செயலிகள் பலவற்றை நோக்குங்கால், முதல் மூன்றில் செலுத்திய கருத்தில் ஒரு பகுதியேனும் பின்னிரண்டில் செலுத்தப்பெறவில்லை என்பது புலனாகின்றது. இக்குறையே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

திரையில் நூல்

முதற்கண் நூலை நோக்குவோம். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்று விளங்கும் நிறுவனமும் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றித் தந்தன. நூலகமில்லாச் சிற்றூரில் வாழும் மாணவனும் சங்கநூல்களைக் கண்ணாற் காணும் பேறு இவற்றாற் கிட்டிற்று. இப்பணியை எத்துணைப் போற்றினும் தகும்.

ஆயின் நூல் கிடைத்தல் வேறு. கற்றற்கேற்ப நூல் அமைதல் வேறு. நாற்சீரடியாகிய அகவலடி கைப்பேசியின் குறுகிய திரையில் அடங்காதபோது, இறுதிச் சீர் மடங்கிக் கீழ்வரியின் தலையில் வந்து அமர்கின்றது. ஐஞ்சீரடியாகிய கட்டளைக் கலித்துறைக்கோ இவ்வின்னல் இன்னும் மிகுதி. அடியின் முதற்சீர் நோக்கி அறியப்படும் எதுகை கண்ணுக்குப் புலப்படாது போகின்றது. யாப்புப் பயிலத் தொடங்கும் மாணவன் எது அடி, எது மடிந்த வரி எனத் திகைக்கின்றான். ஓலைச்சுவடியிலும் அடிபிரித்து எழுதும் வழக்கம் இல்லையே எனச் சிலர் கூறலாம். உண்மையே, ஆனால் சுவடி கற்றோர்க்கு ஆசான்வாய்க் கேட்ட ஓசை துணைநின்றது. திரை மட்டும் பெற்றவனுக்கு அத்துணையும் இல்லை. மடங்கிய சீரை உள்ளொடுக்கிக் காட்டுதலும், பாட்டைத் தொட்ட அளவில் அதன் ஓசையைக் கேட்பித்தலும் அரிய செயல்கள் அல்ல. அவற்றைச் செய்யாமைக்குக் காரணம் பொருட்குறையன்று, கருத்துக்குறையே.

நெடும்பாட்டுகளில் சிக்கல் வேறு வகையினது. நான்கடிச் சிறுமையும் எட்டடிப் பெருமையும் உடைய குறுந்தொகைப் பாட்டுத் திரையில் ஒருங்கே தோன்றும். மதுரைக்காஞ்சிக்கோ அடி 782. எழுவாய் ஓரிடத்தும் அது கொண்டு முடியும் வினை நெடுந்தொலைவிலும் கிடக்கும் அப்பாட்டுகளில், நச்சினார்க்கினியர் மாட்டிலக்கணத்தால் அடிகளை அகற்றியும் கூட்டியும் பொருள் காண்பர். 1889இல் உ. வே. சாமிநாதையர் அவ்வுரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அப்பதிப்பின் வழிவந்த நூல்களைப் பயில்வோர் ஏட்டை முன்னும் பின்னும் புரட்டி அடிகளை இயைத்துப் பழகினர். புரட்டுதற்கு ஏடில்லாத திரையில், ஏறியிறங்கி உருட்டும் மாணவன் முன்னடியை மறந்தே பின்னடியை அடைகின்றான்.

எனினும் இங்கேதான் கைப்பேசி அச்சுநூலினும் மேம்படற்கு இடமுண்டு. ஒரு சொல்லைத் தொட்டவுடன் அது சென்றியையும் சொல் எத்துணைத் தொலைவில் இருப்பினும் அருகே வந்து தோன்றுமாறு அமைக்கலாம். அதனினும் சிறந்தது, மாணவனே தன் விரலாற் சொற்களை இயைத்துக் காட்டிய பின்னர் நச்சினார்க்கினியர் இயைபு தோன்றுமாறு அமைத்தல். முன்னது உரையைக் காட்டும். பின்னது உரைகாணக் கற்பிக்கும்.

நான்கு தீயுவமைகள்

ஆசிரியராகாதார்க்கு நன்னூலார் நான்கு பொருள்களை உவமையாக்கினார். அவை கழற்காய் பெய்த குடம், மடல் நிறைந்த பனை, பருத்தியடைத்த குண்டிகை, வளைந்த தெங்கு என்பன. இவ்வுவமைகள் ஆசிரியரை நோக்கி எழுந்தவையேனும், ஆசிரியப் பணியைத் தன்மேற் கொண்ட கருவியையும் அளக்கவல்லன.

கழற்குடம், இட்ட முறையிற் கொடாது தோன்றியவாறு காய்களை உதிர்ப்பது. ஒரு காணொளி முடிந்தவுடன் பயில்வோன் வேண்டாமலே மற்றொன்றைத் திரையில் ஏற்றும் தளங்கள் இவ்வினத்தன. புணரியலைக் கேட்டவனுக்கு அடுத்து வேற்றுமை வரலாம். நகைச்சுவைத் துணுக்கும் வரலாம். முறையின்வைப்பு என்னும் அழகு கெட்டு, மற்றொன்று விரித்தல் என்னும் குற்றம் கருவியின் இயல்பாகவே அமைந்துவிடுகின்றது.

பனை தன்னைப் பிறர் அணுகவிடாது, தானே உதிர்க்கும் கனியை மட்டும் தருவது. எழுத்தாக மாற்றப்படாமல் வெறும் படமாக ஏற்றிய நூல்கள் இத்தகையன. அவற்றிற் சொல்லைத் தேடவியலாது. எழுத்தைத் திரைக்கேற்பப் பெருக்கி அடியமைக்கவும் இயலாது.

குண்டிகையில் பருத்தியை அடைத்தலும் அரிது. அது சிறிது சிறிதாகவன்றி வெளிவருதலும் இல்லை. பாடத்தை மூன்று மணித்துளித் துணுக்குகளாக நறுக்குதலே கைப்பேசிக்கு ஏற்றது என்னும் கொள்கை இன்று பரவியுள்ளது. சொற்பொருள், சூத்திர எண், நூற்பெயர் முதலியவற்றை நினைவிற் கொள்ள அம்முறை உதவும், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓர் உரையாசிரியரின் மறுப்பை மற்றோர் உரையாசிரியரின் கோளோடு ஒப்புநோக்கி முடிபு காணும் பயிற்சி துணுக்கில் அடங்காது. துணுக்காகாப் பொருளைத் துணுக்காக்கினால் எஞ்சுவது பஞ்சே.

முடத்தெங்கோ, நீர் வார்த்தவனுக்குப் பயன்படாது அயலான் மனையிற் காயுதிர்ப்பது. கட்டணமின்றிக் கற்பிப்பதாகக் கூறி, மாணவனுடைய நேரத்தையும் கருத்தையும் அவன்பற்றிய செய்திகளையும் பெற்று, அவற்றின் பயனை விளம்பரம் செய்வோர்க்கு அளிக்கும் செயலிகட்கு இதனினும் பொருந்திய உவமை இல்லை. நீர் மாணவனுடையது, காய் பிறனுடையது.

மாணாக்கர் வகை

தலைமாணாக்கர்க்கு அன்னமும் ஆவும், இடைமாணாக்கர்க்கு நிலமும் கிளியும், கடைமாணாக்கர்க்கு இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் உவமை என்பது நாம் அறிந்ததே. இவ்வகைப்பாடு மாணவரை இழித்தற்கு எழுந்ததெனக் கொள்ளற்க. ஒருவனே ஒரு சூழலில் ஆவாகவும் மற்றொரு சூழலில் ஆடாகவும் ஒழுகக் காண்கின்றோம். ஆகவே சூழலை அமைப்போர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு.

ஆடு ஒரு செடியிலும் வயிறு நிறைய மேயாது; தழைதோறும் நுனி கடித்து ஓடும். நொடிதோறும் அறிவிப்பு ஒலிக்க, வாட்ஸ்அப் செய்தியும் பாடமும் ஒரே திரையில் மாறிமாறித் தோன்றும் கருவி, அன்னம் போன்றவனையும் ஆடாக்கவல்லது. பாடத்துக்குரிய நேரத்தில் பிற அறிவிப்புகள் அடங்கியிருக்குமாறு செய்தல் சூழலமைப்பின் முதற்கடன். இடமும் காலமும் அறிதலை உரைக்கும் முறையின் தொடக்கத்தே நன்னூலார் வைத்தமை ஈண்டு நினையத்தக்கது.

ஆ, புல் மிக்க இடத்தில் வயிறார மேய்ந்து, பின்னர் ஓரிடத்து அமர்ந்து அசைபோடும். இணைய இணைப்புச் சீராக இல்லாத ஊர்களில் வாழும் மாணவர்க்கு இவ்வுவமையே வழிகாட்டி. இணைப்புள்ள இடத்திற் பாடத்தைத் தரவிறக்கிக்கொண்டு, இல்லாத இடத்தில் இருந்து பயிலுமாறு பாடங்கள் அமைதல் வேண்டும். அரைமணி நேர உரையை நொடிக்கு 32 கிலோபிட் அளவில் ஒலிப்பதிவாகத் தந்தால் ஏறத்தாழ 7 மெகாபைட்டு போதும். அதனையே நொடிக்கு 500 கிலோபிட் அளவில் காணொளியாகத் தந்தால் 112 மெகாபைட்டுக்கு மேல் ஆகும். ஆசிரியர் முகத்தைக் காட்டுவதற்கென மாணவனிடம் பதினைந்து மடங்குக்கு மேற்பட்ட செலவை வாங்குதல், செய்யுளும் உரையும் பயிலும் துறைக்கு எவ்வாற்றானும் இன்றியமையாததன்று. கேள்வியால் வளர்ந்த கல்வி நம் கல்வி. அதற்கு ஒலியே பெரும்பாலும் அமையும்.

காற்கூறும் அரைக்கூறும்

இனி நம் ஆராய்ச்சியின் நடுப்பொருளுக்கு வருவோம். ஒருமுறை கேட்டதை மறுமுறையும் கேட்பின் பிழை குறையும் என்றும், மும்முறை கேட்டவன் அதனை முறைப்பட எடுத்துரைக்க வல்லனாவான் என்றும் நன்னூல் கூறும். இவ்வளவில் கைப்பேசிக்கு நிகர் வேறில்லை. பதிவு செய்த உரையை மும்முறையன்று, முப்பது முறையும் கேட்கலாம். போற்றுவோர் போற்றுவதும் இதனையே.

ஆனால் நன்னூலார் இவ்வளவில் நின்றாரல்லர். ஆசிரியன் உரைத்ததை ஒருவன் குறைவறப் பெற்றாலும் அவன் பெற்றது புலமையில் நான்கில் ஒருபங்கே என்று கணக்கிடுகின்றார். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதை மாணாக்கர்க்கும் அவையோர்க்கும் செவ்விதாக விரித்துரைக்கும்போதுதான் கைகூடும். கேட்பவன் சொல்பவனாக மாறும்போதே கல்வியின் பெரும்பகுதி நிறைவுறும் என்பது இதன் கருத்து.

இக்கணக்கைக் கொண்டு, 2017ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இந்திய அரசு தொடங்கிய 'ஸ்வயம்' என்னும் இணையப் பாடத் திட்டத்தை அளந்து பார்ப்போம். அதன் பாடங்கள் நான்கு கூறுடையன: காணொளி உரை, படித்தற்குரிய எழுத்துரை, தன்னைத் தானே மதிப்பிடும் தேர்வு, ஐயம் வினவும் உரையாடற்களம். நாற்கூறு என்னும் எண்ணளவில் இது நன்னூலோடு ஒத்துத் தோன்றினும், பொருளளவில் ஒத்ததன்று. முதலிரண்டும் ஆசிரியன்பாற் பெறும் காற்பங்கினுள் அடங்கும். மூன்றாவது, கேட்டவற்றை மீள நினைத்தலாகிய மாணாக்கன் கடனுக்குத் துணை. நான்காவது, உடன்பயில்வாரோடு பழகும் காற்பங்கைத் தரவல்லது. அதுவும் வினாவுவோரும் விடுப்போரும் உளராயின் மட்டுமே. விரித்துரைத்தலாகிய அரைப்பங்குக்கு இந்நாற்கூற்றுள் தனியிடம் இல்லை.

இது ஒரு திட்டத்தின் குறை மட்டுமன்று. கற்றலைப் பொருள் வழங்கலாகவே எண்ணும் பொதுநோக்கின் குறை. ஒரு பருவத்திற்குரிய பாட மதிப்பில் 20 விழுக்காடு வரை இவ்வகை இணையப் பாடங்களாற் பெறலாம் என 2016இல் வகுத்த பல்கலைக்கழக மானியக்குழு, 2021இல் அவ்வெல்லையை 40 விழுக்காடாக உயர்த்திற்று. பட்டத்தின் ஐந்தில் இரண்டு பங்கு இவ்வழியே வரத் தகும் எனின், அவ்வழி புலமையின் எத்தனை பங்கைத் தருகின்றது என வினவுதல் தமிழ்த்துறையார்க்குக் கடனாகின்றது.

பிற்கால ஆய்வின் சான்று

நன்னூலார் கணக்கு ஒரு முனிவரின் கற்பனை எனத் தள்ளுவார்க்குப் பிறநாட்டு ஆய்வுகளும் விடை தருகின்றன. கற்றது காலப்போக்கில் எவ்வாறு மறைகின்றது என்பதைச் செருமானிய அறிஞர் எபிங்கவுசு தம்மையே ஆய்வுப்பொருளாக்கி அளந்து 1885இல் வெளியிட்டார். 2006இல் அமெரிக்க உளவியலாளர் ரோடிகரும் கார்ப்பிக்கும் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தோர் ஐந்து மணித்துளிக்குப் பின் வைத்த தேர்வில் மேம்பட்டனர். ஆனால் ஒரு கிழமை கழித்து வைத்த தேர்வில், படித்ததை நினைவிலிருந்து எடுத்துக் கூறிப் பழகியோரே விஞ்சினர். மீளக் கேட்டல் அறிந்துவிட்டோம் என்னும் மயக்கத்தை விரைவில் தரும். மீளக் கூறுதலே அறிவை நிலைபெறுத்தும்.

சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவும் வேண்டா. நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பித்தான். 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற மைந்தர்க்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல், இந்நாட்டுப் பள்ளிப்பிள்ளைகள் மணலில் எழுதிப் பயிலும் முறையைக் கண்டு மேற்கொண்டு, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். அதனை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அம்முறை இங்கிலாந்தில் 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது. ஆசிரியர் குறைவை நிரப்ப எழுந்த முறையெனினும், கற்பிப்பவனே மிகுதியாகக் கற்கின்றான் என்னும் உண்மை அதனுள் அடங்கிக் கிடந்தது.

தடையும் விடையும்

நேரில் அமர்ந்து பயிலும் காலத்து விதியை, முகங்காணாக் கருவிக்கு ஏற்றுதல் தகுமோ எனின், தகும் என்போம். யாம் ஏற்றுவது ஆசனத்தையும் வணக்கத்தையும் அன்று, கற்றலின் கூறுகளையே.

நன்னூலை யாண்டும் முடிந்த முடிபாகக் கொள்கின்றீரோ எனின், அற்றன்று. பாடங்கேட்டற்குரியாரை எண்ணும் இடத்தில் நன்னூல் ஆசிரியன் மகன், மன்னன் மகன், பொருளை மிகக் கொடுப்போன் முதலாக அறுவரைக் கூறுகின்றது. பொருளில்லாதவனுக்கு வழிபாடும் உரைகொள்ளும் ஆற்றலும் உண்டாயின் இடமுண்டு எனினும், அவ்வாயில் குறுகியதே. கைப்பேசி அவ்வாயிலை அகலத் திறந்துவிட்டது. நூலகம் காணாத ஊரில் பிறந்த மகளும், பகலெல்லாம் தொழில்புரிந்து இரவிற் பயில்பவனும் இன்று பாடங் கேட்கின்றனர். இவ்வொரு கூற்றில் கருவி நூலை விஞ்சி நிற்கின்றது என ஒப்புதலே நடுநிலை. இதனாலேயே நம் கவலை பெரிதாகின்றது. வாயிலைத் திறந்து உள்ளே அழைத்த பின், புதிதாக வந்தோர்க்குக் காற்பங்கு மட்டும் அளித்து, அதுவே முழுமை எனக் கூறியனுப்புதல் அறமாகாது. கல்லூரி முற்றத்தில் நண்பரோடு வாதிட்டும் அவையேறிப் பேசியும் எஞ்சிய முக்காற்பங்கை நிரப்பிக்கொள்ள வசதியுள்ளோர் எவ்வாற்றானும் நிரப்பிக்கொள்வர். கைப்பேசியன்றி வேறு துணையில்லாதவனே இழப்புக்கு ஆளாவான்.

அமைக்கும் நெறி

இக்கருத்துகளைக் கொண்டு, ஒரு முதுகலை வகுப்பு அகநானூற்றுப் பாட்டு ஒன்றைக் கைப்பேசிவழிப் பயிலும் வகையை அமைத்துக் காட்டுவோம். முதல் நாள் பாட்டின் ஓசையும் அடிபிழையா எழுத்துவடிவமும் மட்டும் மாணவனைச் சேர்க. உரை மறைந்திருக்க. கூற்று யாருடையது, எத்திணை, எச்சொல் எச்சொல்லோடு இயையும் என்பவற்றை அவன் எழுதியனுப்பிய பின்னரே உரை திறக்க. மூன்றாம் நாளும் பத்தாம் நாளும், பாட்டைக் காட்டாமல் அதன் பொருளை வினவுக. ஐவர் அறுவர் கொண்ட சிறு குழுவில் உரைவேறுபாடு ஒன்றை இட்டு வாதிடச் செய்க. நூற்றுவர் கூடிய குழுவில் வினா எழாது, வாழ்த்தே எழும். இறுதியில் ஒவ்வொருவரும் அப்பாட்டை இளங்கலை மாணவர்க்கென ஐந்து மணித்துளி அளவில் தம் குரலில் விளக்கிப் பதிவு செய்க. இளையோர் வினாக்கள் அவர்பால் மீண்டு வருக. விடுத்த விடைகளை ஆசிரியர் கேட்டுத் திருத்துக. மதிப்பெண்ணில் பாதியை இவ்விறுதிச் செயலுக்கு ஒதுக்குதல் வேண்டும். நன்னூலார் பங்கீடும் அதுவே.

இவற்றுள் எதற்கும் புதுக்கருவி வேண்டா. குரலைப் பதியவும் அனுப்பவும் கேட்கவும் மாணவர் கையிலுள்ள கருவியே போதும். வேண்டுவது ஆசிரியரின் நேரம். நாற்பது மாணவரின் ஐந்து மணித்துளி உரைகளை ஒருமுறை கேட்கவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கைப்பேசிவழிக் கல்வியால் ஆசிரியர் பணி சுருங்கும் என எண்ணுவோர் இக்கணக்கைக் கருதுவாராக. பணி சுருங்காது, உரைக்கும் பணி குறைந்து கேட்கும் பணி பெருகும்.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், கைப்பேசிவழிக் கற்றல் நூலைப் பரப்புதலிலும் மீளக் கேட்பித்தலிலும் சிறந்தது என்பதும், முறையின்மையும் சிதறலும் அதன் இயல்பான குற்றங்கள் என்பதும், புலமையில் அரைப்பங்காகிய விரித்துரைத்தலுக்கு இன்றைய அமைப்புகளில் உரிய இடம் இல்லை என்பதும், அவ்விடத்தை அளித்தல் கருவிக்கு அரியதன்று என்பதும் பெறப்படும். ஒரு கற்றற் சூழலின் சிறப்பை அதில் ஏற்றிய பாடங்களின் எண்ணிக்கையால் அளவாதொழிக. அதிற் பயின்ற மாணவன் வாய்திறந்து பிறனுக்கு விளங்க உரைக்கின்றானா என்பதே உரைகல்.